ஊசிக்கு முன்னும் பின்னும்: மீன் இனப்பெருக்கத்தில் எது எங்கே தவறுகிறது

குளத்தில் வளரும் கட்லா, ரோகு ஆகிய பெருங்கெண்டைகள் பருவம் வந்தால் வயிறு புடைக்கச் சினை வைக்கும். ஆனால் முட்டையிடாது. பருவம் கடந்ததும் அந்தச் சினை மெல்ல மெல்ல உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதே இனம் மழைக்கால ஆற்றில், புதுவெள்ளம் ஏறும்போது, ஒரே இரவில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. குளத்து மீனிடம் குறைவது என்ன என்ற கேள்விக்கான விடைதான் இன்றைய மீன்குஞ்சு உற்பத்தியின் அடித்தளம். அருகிவரும் மீன்களைக் காப்பதும் இந்த விடையைத்தான் நம்பியிருக்கிறது.

முட்டை உருவாவது இரண்டு தனித்தனிக் கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் நீளமானது, பல மாதங்கள் பிடிக்கும். பகல் நீளமும் நீரின் வெப்பமும் மாறுவதை மூளை உணர்ந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச். ஹார்மோனை வெளிவிடுகிறது. அதன் தூண்டலில் சினைப்பை ஈஸ்ட்ரடயாலைச் சுரக்க, ஈஸ்ட்ரடயால் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. இந்தப் புரதம் மறுபடி சினைப்பைக்கு வந்து முட்டைக்குள் மஞ்சள்கருவாகச் சேர்கிறது. ஆக, மஞ்சள்கரு சினைப்பையில் பிறப்பதில்லை. கல்லீரல் தயாரித்து அனுப்பும் சரக்கு அது. தாய்மீனின் தீவனமும் கல்லீரலும் கெட்டால் முட்டை கெடுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனை ஒரே வீச்சில் வெளிவிடுகிறது. முட்டையின் நடுவே இருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து, அதன் சவ்வு கரைகிறது. பிறகு முட்டை தன்னைச் சுற்றியிருந்த உறையிலிருந்து விடுபட்டு விழுகிறது. குளத்துக் கெண்டை முதல் கட்டத்தை ஒழுங்காக முடித்துவிடுகிறது. நிற்பது இரண்டாவது கட்டத்தின் வாசலில். புதுவெள்ளம், நீரோட்டம், வெப்ப மாற்றம் என அது எதிர்பார்க்கும் அடையாளம் எதுவும் குளத்தில் கிடைப்பதில்லை. போதாததற்கு, கெண்டை இனங்களிலும் கெளுத்திகளிலும் மூளையிலிருந்து வரும் டோபமின் என்ற வேதிப்பொருள் எல்.எச். வெளிவராதபடி தடுத்துக்கொண்டே இருக்கிறது. கடல் மீன்கள் பலவற்றில் இந்த டோபமின் தடை மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. அதனால்தான் ஒரு இனத்துக்குப் பலித்த மருந்து இன்னொன்றுக்குப் பலிப்பதில்லை.

இந்த அறிவு படிப்படியாக வந்தது. பிட்யூட்டரிச் சாற்றைக் கொடுத்து மீனை இனப்பெருக்கம் செய்யவைக்கும் முயற்சிகள் 1930களில் அர்ஜென்டினா, பிரேசில், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் நடந்தன. இந்தியப் பெருங்கெண்டைகளில் ஹீராலால் சவுதுரி 1957இல் வெற்றி கண்டார். டோபமின் தடையை ஒரு மருந்தால் நீக்கி, ஜி.என்.ஆர்.எச். போலவே செயல்படும் செயற்கைப் பொருள் (ஒப்பு) ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1980களில் லின் ஹாவ்ரன், ரிச்சர்ட் பீட்டர் ஆகியோர் வகுத்தார்கள். இன்று ஆயத்தமாகக் கிடைக்கும் ஊசி மருந்துகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை.

ஆக, ஊசி முட்டையை உருவாக்குவதில்லை. உருவாகி முடிந்த முட்டையை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். பொரிப்பகங்களில் நடக்கும் தோல்விகளில் பெரும்பங்கு இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருகிறது. முதல் கட்டம் முடியாத மீனுக்கு மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டால் வயிறு வீங்கும், முட்டை பாதி கரைந்து வரும், சில நேரம் மீனே சாகும்.

முட்டை தயாரா என்று பார்ப்பது

வயிறு மெத்தென்று இருப்பது, இனப்பெருக்கத் துளை சிவந்து துருத்தியிருப்பது, ஆண் மீனை லேசாக அழுத்தினால் பால் (விந்துத் திரவம்) வருவது ஆகிய வெளி அடையாளங்களைத்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் கொழுத்த மீனுக்கும் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். நம்பகமான வழி, மெல்லிய நெகிழ்குழாயைத் துளை வழியே சினைப்பைக்குள் செலுத்தி, மறுமுனையில் உறிஞ்சி, சில பத்து முட்டைகளை எடுத்துப் பார்ப்பது. மீனை மயக்கத்தில் வைத்து இதைச் செய்ய வேண்டும். எடுத்த முட்டைகளை எத்தனால் 6 பங்கு, ஃபார்மலின் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த திரவத்தில் சுமார் 5 நிமிடம் வைத்தால் முட்டை தெளிந்து உட்கரு புலப்படும். உட்கரு நடுவில் இருந்தால் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான முட்டைகளில் அது நடுவிலிருந்து விலகி ஓரம் நோக்கி நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். முட்டைகள் ஒரே அளவில் இல்லாமல், சில ஒழுங்கற்ற வடிவில், புள்ளி புள்ளியாக மங்கியிருந்தால் சினை கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மீனை அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுவதே நல்லது.

ஸ்டர்ஜன் மீன்களில் இதையே அளவெடுத்துச் செய்கிறார்கள். முட்டையை வேகவைத்து, பாதியாக வெட்டி, உட்கருவுக்கும் முட்டையின் மேல்முனைக்கும் உள்ள தூரத்தை முட்டையின் விட்டத்தால் வகுக்கிறார்கள். விடை எவ்வளவு சிறியதோ முட்டை அவ்வளவு தயார். பெலூகா ஸ்டர்ஜன் பெண்மீன் முதன்முதலாகச் சினை வைக்கவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு காத்திருந்தபின் ஒரு பருவத்தை அவசரத்தில் இழப்பது பெரிய இழப்பு.

அளவும் நேரமும்

பிட்யூட்டரிச் சாறு பயன்படுத்தினால் பெருங்கெண்டைப் பெண்மீனுக்கு இரண்டு தவணை. முதலில் கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி.; ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மி.கி. ஆணுக்கு ஒரே தவணை, பெண்ணின் இரண்டாவது ஊசியோடு, கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. முதல் ஊசி முட்டையின் உட்கருவை நகர்த்துகிறது, இரண்டாவது அதை உதிரச் செய்கிறது. ஒரே வீச்சில் முழு அளவையும் கொடுத்தால், முதிர்ந்த முட்டையோடு முதிராததும் சேர்ந்து வெளிவந்து கருவுறும் விகிதம் குறையக்கூடும். ஆயத்தக் கலவைகளில் பரவலாக உள்ள ஒன்றில் 1 மி.லி.க்கு 20 மைக்ரோகிராம் சால்மன் ஜி.என்.ஆர்.எச். ஒப்பும் டோபமின் தடையை நீக்கும் டோம்பெரிடோன் 10 மி.கி.யும் இருக்கும். பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி., ஆணுக்கு அதில் பாதிக்கும் குறைவு என ஒரே தவணையில் கொடுத்தால் போதும். மார்புத் துடுப்பின் அடியிலோ, முதுகுத் துடுப்புக்குக் கீழே தசையிலோ, செதிலுக்கு இடையில் ஊசியைச் சாய்த்துச் செலுத்த வேண்டும். ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்காவிட்டால் மருந்து வழிந்து வெளியேறிவிடும்.

ஊசிக்கும் முட்டை உதிர்வதற்கும் இடையிலான நேரத்தை வெப்பம் நிர்ணயிக்கிறது. சாதாக்கெண்டையில் இதை நீரின் வெப்பத்தையும் மணி நேரத்தையும் பெருக்கிக் கணக்கிடுவார்கள். பெருக்குத்தொகை 240 முதல் 260 வரை வரும்போது முட்டை உதிரும். 22 டிகிரியில் அது 11 முதல் 12 மணி நேரம். 26 முதல் 30 டிகிரி நீரில் இந்தியப் பெருங்கெண்டைகள் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் முட்டையிடும். தொட்டி நீரின் வெப்பத்தை மணிக்கு ஒருமுறை குறித்துவைக்காமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர்கள், குளிர்ந்த இரவில் அவசரப்பட்டும் வெயில் நாளில் தாமதித்தும் முட்டையை இழக்கிறார்கள்.

தாமதம் எவ்வளவு செல்லும் என்பது இனத்தைப் பொறுத்தது. வானவில் டிரவுட்டின் உதிர்ந்த முட்டை 10 டிகிரியில் வயிற்றுக்குள்ளேயே பல நாள் நல்ல நிலையில் இருக்கும். கெண்டையில் ஓரிரு மணி நேரத்திலேயே தரம் சரியும். அமெரிக்காவின் வரிக்கொடுவா மீனில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. முதிர்வு கடந்த முட்டை கருவுறாமல் போவதோடு நிற்பதில்லை. கருவுற்றாலும் முதுகு வளைந்த, தலை வீங்கிய குஞ்சுகள் பெருகும். குஞ்சு ஊனமாக வந்ததும் பலர் நீரையோ நோயையோ சந்தேகிக்கிறார்கள். முதலில் சரிபார்க்க வேண்டியது முட்டை பிழிந்த நேரத்தைத்தான்.

ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை

மீனின் விந்தணு உடலுக்குள் அசைவதில்லை. வெளி நீர் பட்டதும்தான் நீந்தத் தொடங்கும். நன்னீர் மீன்களில் உப்புச் செறிவு குறைவதும், கடல் மீன்களில் அது கூடுவதும் இதற்கான தூண்டல். டிரவுட் விந்தணு அரை நிமிடம்போல நீந்தும். கெண்டையில் சுமார் ஒரு நிமிடம். விந்தணு நுழைவதற்கு முட்டையில் இருப்பது மைக்ரோபைல் என்ற ஒரே ஒரு நுண்துளை. நீர் பட்டதும் முட்டை உப்பத் தொடங்கி, ஓரிரு நிமிடத்தில் அந்தத் துளையும் பயனற்றுப் போகும். கருவூட்டலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவுதான்.

உலர்முறையின் நியாயம் இதிலிருந்து வருகிறது. மீனின் வயிற்றையும் கையையும் துணியால் துடைத்து, உலர்ந்த பாத்திரத்தில் முட்டையைப் பிழிய வேண்டும். அதன்மேல் பாலைச் சேர்த்து, இறகால் கலக்கி, கடைசியில்தான் நீர் ஊற்ற வேண்டும். ஒரு கிலோ முட்டைக்கு 10 மி.லி. பால் போதும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஆண் மீனைப் பிழியும்போது சிறுநீர் கலந்துவிடுவது. சிறுநீர் நீர்த்த திரவம் என்பதால் விந்தணு முட்டையைச் சேருமுன்பே விழித்து, நீந்தி ஓய்ந்துவிடும். முதலில் வரும் துளிகளை ஒதுக்கிவிட்டு, உலர்ந்த ஊசிக்குழலில் பாலை உறிஞ்சி எடுத்தால் இது குறையும். ஆப்பிரிக்கக் கெளுத்தியில் ஆணைப் பிழிந்தால் பால் வராது. விந்தகத்தை அறுத்து எடுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஆண் மீன் பலியாகிறது.

இந்தியப் பெருங்கெண்டைகளின் முட்டை ஒட்டாது. சாதாக்கெண்டையின் முட்டை நீர் பட்டதும் பசையாகிக் கட்டிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் உப்பும் 3 கிராம் யூரியாவும் கரைத்த திரவத்தில் கருவூட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மெல்லக் கலக்கினால் பசை கரையும். பிறகு லிட்டருக்கு அரை கிராம் டானின் கலந்த நீரில் சில நொடிகள் மட்டும் அலசினால் மீதிப் பசையும் போகும். டானினில் கூடுதல் நேரம் விட்டால் முட்டையின் தோல் இறுகி, குஞ்சு வெளிவர முடியாமல் உள்ளேயே இறந்துவிடும்.

கருவுற்ற விகிதத்தை எண்ணுவதிலும் அவசரம் ஏமாற்றும். கருவுறாத கெண்டை முட்டைகூட சில முறை பிளந்து கருபோலத் தோற்றம் காட்டிப் பிறகு இறக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணியவருக்கு நல்ல விகிதமும் மறுநாள் வெள்ளை முட்டைகளும் கிடைப்பது இதனால்தான். சில மணி நேரம் கழித்து, கரு முட்டையை மூடி வளரும் நிலையில் எண்ணுவதே சரி. டிரவுட்டில் கருவூட்டிய இரண்டாம் நாளுக்குப் பிறகு கண்புள்ளி தெரியும்வரை முட்டையை அசைக்கவே கூடாது. 10 டிகிரியில் அது இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். அந்த இடைவெளியில் தட்டை ஒருமுறை இடறினாலும் கருக்கள் சிதைந்துபோகும்.

தாய்மீனின் தீவனம்

குஞ்சு வாய் திறந்து உண்ணத் தொடங்கும்வரை அதற்கு இருப்பது மஞ்சள்கரு மட்டுமே. தாய்க்குக் கிடைக்காத சத்து குஞ்சுக்கும் கிடையாது. டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. போன்ற கொழுப்பு அமிலங்களும், வைட்டமின் சி, ஈ ஆகியவையும் குறைந்தால் முட்டையின் எண்ணிக்கை அப்படியே இருந்து, பொரிக்கும் விகிதமும் குஞ்சின் உயிர்ப்பும் குறையும். இதை இயற்கையிலும் காணலாம். பால்டிக் கடலில் சால்மன் குஞ்சுகள் பொரித்த சில வாரங்களில் கூட்டமாக இறந்ததற்குத் தாய்மீனின் தையமின் (வைட்டமின் பி1) பற்றாக்குறை காரணம் என்று கண்டறியப்பட்டது. வட அமெரிக்கப் பேரேரிகளிலும் அதே நிலை. அங்கே தாய்மீன்கள் தின்ற ஒரு இரைமீனில் தையமினைச் சிதைக்கும் நொதி இருந்தது. குஞ்சுகளைத் தையமின் கரைசலில் நனைத்ததும் அவை பிழைத்தன.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. சினை நிறைய வேண்டும் என்று அளவுக்கு மீறித் தீனி போட்டால் கொழுப்பு சினைப்பையைச் சுற்றிப் படிந்து முட்டை உதிர்வதைத் தடுக்கும். பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆணையும் பெண்ணையும் பிரித்து, நெருக்கம் குறைத்து, புரதம் நிறைந்த தீனியை அளவாகக் கொடுப்பதுதான் பலன் தருகிறது.

பாலினம் நிலையானதல்ல

மீன்களில் பாலினத்தை மரபணு மட்டும் முடிவுசெய்வதில்லை. அட்லாண்டிக் சில்வர்சைட் மீனில் இளங்குஞ்சின் நீர்வெப்பம் பாலினத்தை மாற்றுகிறது என்பது 1981இல் காட்டப்பட்டது. திலேப்பியாவிலும் அதிக வெப்பம் ஆண்களைக் கூட்டும். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாகும். களவா மீன்களில் பல இதற்கு நேர்மாறு.

திலேப்பியா மாதக்கணக்கிலேயே முதிர்ந்து குளத்தை நிறைத்துவிடுவதால், பண்ணையாளர்கள் ஆண்மீனை மட்டும் வளர்க்க விரும்புகிறார்கள். வாயைத் திறந்த குஞ்சுக்கு, 14 மி.மீ. தாண்டுவதற்குள், கிலோ தீவனத்தில் 60 மி.கி. மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சேர்த்து 21 முதல் 28 நாள் கொடுப்பது பரவலான முறை. வயது கலந்த குஞ்சுகளை ஒரே தொட்டியில் போட்டால் பெரியவற்றில் பாலினம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பாசியும் நுண்ணுயிரிகளும் நிறைந்த நீரில் குஞ்சு மருந்துத் தீவனத்தைக் குறைவாகவே உண்ணும். இரண்டிலும் பெண்மீன்கள் தப்பிவரும். தொட்டிக் கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்பது இந்த முறையின் முதல் நிபந்தனை. கனடாவின் ஒன்டாரியோவில் ‘ஏரி 260’ என்ற ஆய்வு ஏரியில் 2001 முதல் மூன்று ஆண்டுகள் செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் சேர்த்த சோதனையில், அங்கிருந்த ஃபேட்ஹெட் மின்னோ மீன்கள் ஏறக்குறைய முழுதுமாக அழிந்தன. அது வேறு ஹார்மோன்தான். ஆனால் மீனின் இனப்பெருக்கம் எவ்வளவு சிறிய அளவிலும் குலைந்துவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மருந்தில்லாத வழியும் இருக்கிறது. ஆண்தன்மையைத் தரும் ஒய் குரோமோசோம் இரண்டு கொண்ட ஆண்களை உருவாக்கி வைத்துக்கொண்டால் அவற்றின் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே ஆணாகப் பிறக்கும்.

எத்தனை பெற்றோர்

ஒரே ஒரு கெண்டைத் தாய் லட்சக்கணக்கில் முட்டையிடுவது பொரிப்பகத்துக்கு வசதி, இனத்துக்கு ஆபத்து. ஒரு பருவத்தின் தேவையை நாலைந்து மீன்களே நிறைவேற்றிவிடும் என்பதால், தலைமுறைக்குத் தலைமுறை உறவுகளுக்குள்ளேயே கலப்பு நடக்கிறது. இதை எளிய கணக்கு காட்டும். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மரபளவில் செயல்படும் கூட்டத்தின் அளவு கிடைக்கும். 50 பெண்ணுக்கு 2 ஆண் வைத்தால் விடை 8க்கும் குறைவு. அதே 52 மீன்களை 26, 26 ஆகப் பிரித்தால் விடை 52. முதல் ஏற்பாட்டில் உறவுக்கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் 6 சதவீதத்துக்கு மேல் கூடும். இரண்டாவதில் 1 சதவீதத்துக்கும் கீழே. செலவு ஒன்றுதான்.

பல ஆண்களின் பாலை ஒன்றாகக் கலந்து ஊற்றுவது இந்தக் கணக்கைக் கெடுக்கும். வேகமான விந்தணு உள்ள ஓரிரு ஆண்களே பெரும்பாலான முட்டைகளைப் பிடித்துவிடும். முட்டைகளைப் பங்குபோட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு ஆண் என்று தனித்தனியே கருவூட்டிப் பிறகு கலப்பதே சரி.

பொரிப்பகக் குஞ்சை இயற்கை நீரில் விட்டு இனத்தை மீட்கும் திட்டங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஹூட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீன்களை (கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் டிரவுட்) மரபணு வழியே பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளியானது. பொரிப்பகத்தில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் குஞ்சு விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. தொட்டியில் நன்றாகப் பிழைக்கும் குணங்களே தொட்டியில் தேர்வாகின்றன. ஆகவே மீட்புத் திட்டத்துக்குத் தாய்மீனை ஒவ்வொரு முறையும் இயற்கையிலிருந்து எடுக்க வேண்டும், குஞ்சை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விட வேண்டும். விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு திட்டத்தைப் பாராட்டுவது தவறான அளவுகோல்.

ஆற்றிலும் கடலிலும்

பெரிய பெண்மீனின் மதிப்பு அதன் எடையைவிட அதிகம். காட் என்ற கடல் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரு பெண்மீன், 2 கிலோ எடையுள்ள 28 பெண்மீன்களைவிட அதிக முட்டையிடும் என்று 2018இல் வெளியான கணக்கு சொல்கிறது. பெரிய மீனைப் பிடிப்பதில் தவறில்லை, குட்டி மீனை மட்டும் விட்டால் போதும் என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டம் காண்கிறது. பிடிக்கக் குறைந்தபட்ச அளவு இருப்பதுபோல, சில இனங்களுக்கு அதிகபட்ச அளவும் வேண்டும். களவாவில் பெரியவை பெரும்பாலும் ஆண் என்பதால் தேவை இரட்டிப்பாகிறது.

குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கும் இடத்திலும் ஒரு பொறி உண்டு. பாதி மீன்கள் முதிரும் நீளம் எது என்று பார்க்க வயிற்றை அறுத்துச் சினைப்பையைக் கண்ணால் மதிப்பிடுவார்கள். ஒருமுறைகூட முட்டையிடாத இளமீனின் சினைப்பையும், முட்டையிட்டு ஓய்ந்த பெரிய மீனின் சினைப்பையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதை முதலாவதாக எண்ணிவிட்டால் முதிர்ச்சி நீளம் தவறாக உயரும். திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் ஓய்ந்த சினைப்பையின் சுவர் தடித்திருப்பதும், முட்டை உதிர்ந்தபின் எஞ்சிய காலி உறைகளும் காட்டிக்கொடுக்கும். மாதிரிகளைப் பருவத்துக்குச் சற்று முன்னதாக எடுத்தால் குழப்பம் பெரும்பாலும் வராது.

கூடி முட்டையிடும் இனங்களுக்கு இடமும் நாளும் காக்கப்பட வேண்டும். நசாவ் களவா குளிர்கால முழுநிலவை ஒட்டி ஆண்டுதோறும் ஒரே இடத்தில் திரளும். கரீபியக் கடலின் கேமன் தீவுகளில் லிட்டில் கேமன் அருகே 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட அத்தகைய திரளில் இரண்டே பருவங்களில் ஆயிரக்கணக்கான மீன்கள் பிடிக்கப்பட்டன. 2003 முதல் தடை வந்தது. முதல் சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிறகு கூட்டம் பல மடங்காகப் பெருகியது. மெதுவாக முதிரும் மீனுக்குத் தடை பலன் காட்ட அத்தனை காலம் பிடிக்கும் என்பதை முன்பே சொல்லிவிட்டுத் தொடங்காத திட்டங்கள் நடுவிலேயே கைவிடப்படுகின்றன.

ஆற்று மீனுக்கு வேண்டியது நீர் உயரும் அந்த அடையாளம். சீனாவின் யாங்சி ஆற்றின் பெருங்கெண்டைகள் வெள்ளத்தில்தான் முட்டையிடும். அந்த முட்டை பாதி மிதந்தபடி நீண்ட தூரம் ஓடிக்கொண்டே பொரிக்க வேண்டும், தேங்கினால் அடியில் படிந்து சாகும். மூன்று பள்ளத்தாக்கு அணையால் வெள்ளம் தட்டையானதும், கோடைத் தொடக்கத்தில் குளிர்ந்த நீர் வந்ததும் இந்த அடையாளம் குலைந்தது. 2011 முதல், முட்டையிடும் பருவத்தில் அணை நீரைச் சில நாள் படிப்படியாகக் கூட்டித் திறந்துவிடுகிறார்கள். குளத்துக் கெண்டைக்கு ஊசி செய்வதை, ஆற்றுக் கெண்டைக்கு அணையின் மதகு செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசிக் காப்பு திரவ நைட்ரஜனில் இருக்கிறது. ஹெர்ரிங் மீனின் விந்தணுவை உறையவைத்துப் பயன்படுத்தியது 1953இல். இன்று பல இனங்களின் விந்தணுவை மெல்லிய குழல்களில் அடைத்துக் கழித்தல் 196 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் வைக்க முடிகிறது. முட்டையை அப்படி வைக்க முடியவில்லை. பெரிய அளவும் நிறைந்த மஞ்சள்கருவும் உறைகாப்புத் திரவத்தை உள்ளே விடுவதில்லை. விந்தணு மட்டும் மிஞ்சினால் தாய்வழி மரபு போய்விடும். இதற்கு ஒரு வழியை டோக்கியோவில் கோரோ யோஷிசாகி குழு காட்டியது. டிரவுட்டின் விந்து மூலச்செல்களை ‘மாசு’ (masu) என்ற சால்மன் இனத்தின் மலடான மும்மடியக் (மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட) குஞ்சுகளுக்குள் செலுத்தினார்கள். வளர்ந்த சால்மன் ஆண்கள் டிரவுட் விந்தையும், சால்மன் பெண்கள் டிரவுட் முட்டையையும் தந்தன. இரண்டும் சேர்ந்து பிறந்தவை டிரவுட் மட்டுமே. அது 2007. உறையவைத்த விந்தகத்திலிருந்து எடுத்த செல்களிலும் இது பலிக்கும் என்று 2013இல் காட்டினார்கள். ஏற்கும் மீன் நெருங்கிய உறவினமாக இருக்க வேண்டும், சொந்தமாக முட்டையோ விந்தோ தராத மலடாக இருக்க வேண்டும், செல்லை அது பொரித்த சில நாளுக்குள், எதிர்ப்பாற்றல் வளருமுன், செலுத்திவிட வேண்டும்.